பழைய ஸ்பீக்கரும் பழைய செட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் வீட்டுப் போர்ச்சில் எப்போது வந்து பார்த்தாலும் நாலைந்து ஸ்பீக்கர் பெட்டிகள் முதுகைத் திறந்துபோட்டுக் கிடக்கும். 'சுராட் கபார் லாமா' என்று கூவிக்கொண்டு தெருத்தெருவாக வரும் பழைய பேப்பர் லாரிக்காரர், என் வாசலில் மட்டும் கூவலை நிறுத்திவிட்டு இறங்கி வருவார்.

கோயில், கல்யாண வீடு, ஒட்டுக்கடை என்று எங்கே போனாலும் தே தாரிக்கைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது பாட்டுக் கேட்கும் பழைய செட்டைப் பற்றிக் கேட்காமல் விடுவதில்லை. கேள்விகள் சுற்றிச் சுற்றி அதேதான். அதனால் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே எழுதி, கீழே என் பதிலைப் போட்டிருக்கிறேன்.

பழைய செட்டுன்னா எந்தக் காலத்துச் செட்டு? எங்க வீட்டு மினி காம்போகூட முப்பது வருசம் ஆச்சே?

வயசை மட்டும் பார்த்தால், எல்லாம் ஒன்றாக வரும் அந்தச் சின்னச் செட்டும் பழசுதான். ஆனால் ஆட்கள் தேடி அலைவது பெரும்பாலும் அறுபதுகளின் நடுவிலிருந்து எண்பதுகளின் தொடக்கம் வரை வந்த செட்டுகளை. அந்த நாளில் ஜப்பான் கம்பெனிகள் ஒன்றை ஒன்று முந்தப் பார்த்து, கனமான டிரான்ஸ்ஃபார்மர், அலுமினியக் குமிழ், மரப் பெட்டி என்று தாராளமாகச் செலவு செய்தார்கள். 1982-இல் சிடி வந்தது. அதற்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் செலவு ரிமோட்டுக்கும் மினுக்கும் விளக்குகளுக்கும் போய்விட்டது.

மினி காம்போவின் நெற்றியில் '1000 வாட் பிஎம்பிஓ' என்று ஸ்டிக்கர் இருக்கும். கண் சிமிட்டும் நேரத்து உச்சத்தை வைத்துக் கணக்குப் போட்டு எழுதிய எண் அது. ஒழுங்காக அளந்தால் சில பத்து வாட்டுதான் தேறும். வீட்டில் இருந்தால் பாடட்டும், காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

எங்க தேடறது அண்ணே? நம்ம ஊர்லேயே கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கடையில் கிடைக்காது. தோட்டத்துக் கிராணி (கணக்குப்பிள்ளை) வீடுகள், பழைய ஆசிரியர் வீடுகள், சீனப் பெரியவர்களின் கடைவீடுகள் இவற்றைக் காலி செய்யும்போதுதான் நல்லது வெளியே வரும். பிள்ளைகள் கோலாலம்பூரில் இருப்பார்கள், பெட்டி அவர்களுக்கு இடத்தை அடைக்கும் பாரம். பழைய இரும்புக் கடைக்காரரிடமும் பேப்பர் லாரிக்காரரிடமும் உங்கள் போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள். நான் வாங்கியதில் பாதி அப்படி வந்ததுதான்.

வெளியே போவதென்றால் ஈப்போவின் ஞாயிறு காலைப் பழம்பொருள் சந்தை, பினாங்கில் லோரோங் குலிட், பெட்டாலிங் ஜெயாவில் அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தை. முடா இணையத்தளத்திலும் தினம் ஏதாவது வரும். ஜப்பானிலிருந்து கன்டெய்னரில் வரும் பழைய சாமான்களை விற்கும் கடைகளிலும் ஸ்பீக்கர் மலிவு. ஆனால் அங்கே ஆம்ப் (ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பெட்டி) வாங்குமுன் கீழே 100 வோல்ட் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

முதல்ல எதை வாங்கறது? ஸ்பீக்கரா ஆம்பா?

ஸ்பீக்கர். பாட்டின் குணத்தை மாற்றுவதில் முக்கால் பங்கு அதற்குத்தான். ஓரளவு நல்ல இரண்டு ஆம்ப்களுக்கு இடையே வித்தியாசம் கண்டுபிடிக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இரண்டு ஸ்பீக்கருக்கு இடையே உள்ள வித்தியாசத்தைச் சமையலறையில் நிற்பவர் சொல்லிவிடுவார்.

ஸ்பீக்கர் பார்க்கப் போறப்ப என்னத்தைப் பார்க்கணும்? விக்கிறவர் நல்லா பாடுதுன்னுதான் சொல்றாரு.

விற்கிறவர் வேறு என்ன சொல்வார்? நீங்கள் ஒரு டார்ச்லைட், ஒரு மல்டிமீட்டர், ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, இரண்டு துண்டு வயர் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் வேலை முன் துணியைக் கழற்றுவது. கழற்ற விடாவிட்டால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். பாகான் செராய் பக்கம் ஒரு வீட்டில் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஜோடி, தேக்கு நிறத்தில் பெட்டி, மேலே கைக்குட்டை விரித்துப் பிள்ளையார் வைத்திருந்தார்கள். துணியை இழுத்தால் கிழியும் என்றார் வீட்டுக்காரர். பிள்ளையாரைப் பார்த்து நம்பி 400 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். வீட்டுக்கு வந்து துணியை எடுத்தபோது கோனை (முன்னும் பின்னும் ஆடிச் சத்தம் எழுப்பும் கூம்பை) சுற்றியிருந்த ஓரப் பஞ்சு தொட்ட விரலோடு வந்தது, நனைந்த சாம்பல் மாதிரி, கொஞ்சம் பிசினாக. பாட்டுப் போட்டால் ஒவ்வொரு தவில் அடிக்கும் 'ப்ளப் ப்ளப்' என்று காற்றுப் போனது.

சரி, வரிசையாகச் சொல்கிறேன். துணியைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்து ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள், விரலால் மெல்லத் தொடுங்கள். பிறகு பெரிய கோனை நாலு விரலாலும் சமமாக, மிக மெதுவாக உள்ளே அழுத்துங்கள். 'கரக்' என்று உரசினால் கோனின் பின்னால் இருக்கும் வயர்ச் சுருள் சாய்ந்திருக்கிறது அல்லது வெந்திருக்கிறது. டுவீட்டரின் (கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கரின்) மூடி அமுங்கியிருக்கிறதா, பெட்டியின் அடிப்பலகை தண்ணீர் குடித்து உப்பியிருக்கிறதா, பின்னால் கறையான் மண் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில், மெல்லிய சத்தத்தில் பாட்டை ஓடவிட்டு ஒவ்வொரு டுவீட்டருக்கும் பக்கத்தில் காதை வையுங்கள். டுவீட்டர் செத்திருந்தால் தூரத்தில் நின்று கேட்பவருக்குத் தெரியாது. மீட்டருக்கும் தெரியாது, ஏனென்றால் டுவீட்டர், மீட்டரின் நேர்மின்னை உள்ளே விடாத கண்டென்சருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

ஓரப் பஞ்சு உதிர்ந்துபோச்சு. தூக்கி வீசிடவா?

வேண்டாம், இதுதான் இருப்பதிலேயே எளிதான பழுது. அந்தப் பஞ்சு பாலியூரித்தேன். ஈரக்காற்று அதன் பிணைப்பை அறுத்துக்கொண்டே இருக்கும். குளிர் நாட்டிலேயே பதினைந்து, இருபது வருடத்தில் உதிரும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். எதுவும் பாடாமல் பெட்டியோடு மூடி வைத்திருந்தாலும் உதிரும், அதனால் 'பாவிக்கவே இல்லை' என்று சொல்லி விற்றால் மயங்காதீர்கள்.

புதுப் பஞ்சு ஜோடியாக இணையத்தில் விற்கிறார்கள். நான் கடைசியாக வாங்கியது ஐம்பது வெள்ளிக்குள்தான். '10 இஞ்சு' என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். கோனின் விட்டம், வெளி விட்டம் இரண்டையும் அளந்து கேளுங்கள். பழைய பஞ்சையும் பசையையும் பொறுமையாகச் சுரண்ட வேண்டும், பாதி நேரம் அதற்கே போகும். முதலில் கோனோடு மட்டும் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் வெளிச்சட்டத்தோடு ஒட்டும்போது பசை இறுகும்வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கோனை அழுத்தி உரசல் இல்லாத நடுவைப் பிடியுங்கள். கை நடுங்குகிறவர்கள் நடுவில் உள்ள தூசி மூடியை வெட்டி எடுத்து, சுருளைச் சுற்றிக் கல்யாணப் பத்திரிகை அட்டையை மெல்லிய பட்டைகளாக வெட்டிச் சொருகிக்கொள்ளலாம். எந்த ஆட்டமும் இல்லாமல் நடுவில் நிற்கும்.

துணி ஓரமோ ரப்பர் ஓரமோ உள்ள ஸ்பீக்கருக்கு இந்தத் தொல்லை இல்லை. முதல் ஸ்பீக்கர் வாங்குகிறவருக்கு அதைத்தான் சொல்வேன்.

எந்த பிராண்டு நல்லது? பேரைச் சொல்லிடுங்க அங்கிள், போதும்.

பெயரைச் சொல்வேன், ஆனால் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். அமெரிக்காவின் அகூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்கர் வில்ச்சர் என்பவர் 1954-இல் காற்றுப் புகாத சின்னப் பெட்டியில் பெரிய பேஸ் (கனத்த அடிச் சத்தம்) வரவழைத்துக் காட்டிய கம்பெனி. அவர்களுடைய ஏஆர்-3 மாடலுக்குத் துணி ஓரம், அடுத்து வந்த ஏஆர்-3ஏவுக்குப் பெரும்பாலும் பஞ்சு ஓரம். ஒரே கம்பெனி, பார்க்க அண்ணன் தம்பி மாதிரி, ஆனால் ஐம்பது வருடம் கழித்து ஒன்று பாடும், ஒன்று உதிரும்.

யமஹா என்எஸ்-1000எம் 1974-இல் வந்தது, நடு ஸ்பீக்கருக்கும் டுவீட்டருக்கும் பெரிலியம் மூடி. துல்லியம் என்றால் அப்படி ஒரு துல்லியம், ஆனால் மோசமான பதிவைப் போட்டால் மானத்தை வாங்கிவிடும். மூடி உடைந்திருந்தால் தொடாதீர்கள், பெரிலியத் தூசி நுரையீரலுக்கு விஷம். பிபிசி வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ சின்னப் பெட்டிதான், ஆனால் மனிதக் குரலுக்கு அதை மிஞ்சுவது கஷ்டம், விலையும் அப்படியே. வார்ஃப்டேல், செலஸ்டியன், கெஃப், டானாய் எல்லாம் இங்கிலாந்துப் பெட்டிகள். பிரிட்டிஷ் துரைமார் காலத்துத் தொடர்பாலோ என்னவோ நம் பக்கம் அவ்வப்போது தலைகாட்டும். நம் வீடுகளில் அதிகம் இருந்தது நேஷனல், பிலிப்ஸ். நேஷனல் 1965-லேயே மலேசியாவில் கம்பெனி தொடங்கியது, அதனால் பாகங்களுக்காக உடைக்கப் பழைய செட்டும் கிடைக்கிறது.

மேக்னெட் கனமா இருந்தா நல்ல ஸ்பீக்கர்னு சொல்றாங்களே?

பொய். அல்னிகோ காந்தம் சின்னதாக இருந்தே பலமாக இழுக்கும், ஃபெரைட் காந்தம் அதே பலத்துக்குப் பெரிய தோசைக்கல் அளவு வேண்டும். அல்னிகோவில் கோபால்ட் உண்டு. 1978-இல் ஆப்பிரிக்காவின் ஸையரில் கலவரம் வந்து கோபால்ட் விலை ஏறியதும் பல கம்பெனிகள் ஃபெரைட்டுக்கு மாறின. கனத்தை வைத்து மீன் வாங்கலாம், ஸ்பீக்கர் வாங்க முடியாது.

100 வாட் ஸ்பீக்கருக்கு 30 வாட் ஆம்ப் பத்துமா? வெடிச்சிடாதா?

தாமான் (வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பு) வீட்டு ஹாலுக்குத் தாராளமாகப் பத்தும். ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட் அது தாங்கும் அளவு, அது கேட்கும் அளவு இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் எத்தனை டெசிபெல் வருகிறது என்ற எண்ணை. ஆம்பின் வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு 'ரெண்டு மடங்கு சத்தம்' என்று தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆக 92 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 15 வாட் கொடுப்பதும் 86 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 60 வாட் கொடுப்பதும் ஒன்று.

வெடிக்கிறது என்றால் பெரும்பாலும் சின்ன ஆம்பைக் கடைசிவரை திருப்பிக் கத்தவிட்டதால்தான். ஆம்ப் திணறும்போது அலை தட்டையாக வெட்டுப்பட்டு, அந்தச் சூடு டுவீட்டருக்குப் போகிறது. சத்தம் கரகரக்க ஆரம்பித்ததும் குறைத்துவிடுங்கள். பிறந்தநாள் விருந்தில் குமிழ் பக்கம் யாரையும் விடாதீர்கள்.

8 ஓம் ஸ்பீக்கர்னு வாங்கினேன். மீட்டர்ல 6தான் காட்டுது. ஏமாந்துட்டேனா?

இல்லை, அது சரியான 8 ஓம்தான். மீட்டர் காட்டுவது சுருளின் நேர்மின் தடை, எழுதியிருப்பது பாட்டு ஓடும்போது உள்ள தடை. 8 ஓமுக்கு 5.5 முதல் 7 வரை, 4 ஓமுக்கு மூன்றேகால் மூன்றரை, 16 ஓமுக்கு 11 முதல் 13 வரை காட்டலாம். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. இரண்டு பெட்டிக்கும் எண் ரொம்ப வித்தியாசப்பட்டால் யாரோ ஒன்றில் வேறு ஸ்பீக்கரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஆம்பின் முதுகில் '8 முதல் 16' என்று எழுதியிருந்தால் 4 ஓமை அதில் மாட்டாதீர்கள்.

ஜப்பான் ஆம்ப் ஒண்ணு மலிவா வந்துச்சு. நம்ம பிளக்கை மாத்திப் போட்டா ஓடும்தானே?

ஓடும், இரண்டு நொடி. ஜப்பானில் 100 வோல்ட், நமக்கு 230, 240. பிளக் மாற்றுவதால் வோல்ட் மாறாது. முதுகில் வோல்ட் மாற்றும் திருகு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பிய மாடல்களில் இருக்கும், ஜப்பான் உள்நாட்டு மாடல்களில் பெரும்பாலும் இருக்காது. இல்லையென்றால் 240-ஐ 100 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும். ஆம்பின் பின்னால் எழுதியிருக்கும் வாட்டைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்கு தாங்கக்கூடியதாக எடுங்கள். அந்த விலையையும் ஆம்பின் விலையோடு கூட்டிப் பார்த்தால் மலிவு பாதியாகிவிடும்.

ரேடியோ டியூனர் என்றால் இன்னொரு வில்லங்கம். அந்தக் காலத்து ஜப்பான் எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை, நம்முடையது 87.5 முதல் 108 வரை. நம் நிலையங்களில் பெரும்பாலானவை 90-க்கு மேல் இருப்பதால் அழகான டியூனர் ஊமையாக உட்கார்ந்திருக்கும். மின்னல் எஃப்எம்மும் வராது, ராகாவும் வராது.

இசைத்தட்டுச் சுழலியில் மின்சாரத்தின் ஹெர்ட்ஸும் கணக்கு. பெல்ட் போட்ட பல மாடல்களின் மோட்டார் ஹெர்ட்ஸைப் பார்த்துச் சுற்றும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை நம் 50 ஹெர்ட்ஸில் ஓடவிட்டால் 33⅓ சுற்றுக்குப் பதில் சுமார் 28 சுற்றும், பாடகர் தூக்கத்தில் பாடுவார். 50 ஹெர்ட்ஸ் கப்பி மாட்டினால் சரியாகிவிடும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மாதிரி நேரடி மோட்டார் உள்ளவற்றுக்கு இந்தக் கவலை இல்லை, வோல்ட் மட்டும் பார்த்தால் போதும்.

அப்பாவோட ஆம்ப் பத்து வருசமா ஸ்டோர்ல கிடந்தது. பிளக்கைச் சொருகிப் பார்க்கலாமா?

சொருகுமுன் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஒருமுறை சான்சுயி ஆம்ப் ஒன்றைத் திறந்தேன். கண்டென்சர்களுக்கு நடுவில் அப்பளமாகக் காய்ந்த பல்லி, வாலில்லை, வாலிருந்த இடத்தில் போர்டு கருகியிருந்தது. பக்கத்தில் அது இட்ட முட்டை மூன்று, வெள்ளையாக, உடையாமல். பல்லி, எறும்பு, கரப்பான் எச்சம் எல்லாவற்றையும் பிரஷால் தட்டித் துப்புரவாக்குங்கள்.

அப்புறம் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மின்சார வழியில் தொடராகப் போட்டு ஆம்பை ஏற்றுங்கள். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. குண்டு பல்பு இப்போது கிடைப்பது கஷ்டம், கோழிக்குஞ்சு வளர்ப்பவர்களிடம் கேளுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட், அணைத்துவிடுங்கள். மங்கினால் அடுத்த சோதனை: ஸ்பீக்கரை மாட்டாமல், ஸ்பீக்கர் முனைகளில் மீட்டரை நேர்மின் அளவில் வையுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பயமில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் அந்த ஆம்ப் உங்கள் ஸ்பீக்கரைத் தின்றுவிடும்.

மின்சார வேலை பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பல்பு வித்தையைத் தெரிந்த ஆளிடம் விட்டுவிடுங்கள்.

சத்தக் குமிழைத் திருப்பினா கரகரன்னு கத்துது.

உள்ளே அழுக்கும் துருவும். எலக்ட்ரானிக் கடையில் கான்டாக்ட் கிளீனர் வாங்கி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குமிழின் பின்னால் உள்ள துளையில் ஒரு சிறு பீச்சு, முப்பது நாற்பது தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்கள். சைக்கிள் செயினுக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடிக்காதீர்கள்.

தாத்தாவோட ரேடியோகிராம் இருக்கு. உள்ள இருக்கிறதை எல்லாம் எடுத்துட்டுப் புளூடூத் ஆம்ப் வைக்கப் போறேன். எப்படி?

ரேடியோவும் தட்டுச் சுழலியும் ஒரே மரப்பெட்டியில் இருக்கும் அந்த ரேடியோகிராமைக் காலி செய்ய வேண்டாம் என்பது என் பதில். வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்திய கண்ணாடிக் குழாய்), தட்டு மாற்றும் கருவி, பேண்டு மாற்றும் குமிழ் எல்லாம் அப்படியே இருந்தால் பழுது பார்க்கலாம். காலி செய்த பிறகு அது பாட்டுப் பாடும் அலமாரி. புளூடூத்தை எப்படிச் சேர்ப்பது என்று இரண்டு கேள்வி தள்ளிச் சொல்கிறேன்.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. வால்வு செட்டுக்குள் 250, 300 வோல்ட் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் அது தேங்கி நிற்கும். நான் வயர்மேன், எனக்கே ஒருமுறை தோள்வரை இழுத்தது. இரண்டாவது, அதில் உள்ள செராமிக் ஊசி ஐந்து கிராமுக்கு மேல் தட்டை அழுத்தும், இன்றைய காந்த ஊசி ஒன்றரை இரண்டு கிராம்தான். நல்ல எல்பிகளை (33⅓ சுற்றுப் பெரிய தட்டுகளை) ரேடியோகிராமில் ஓட்டாதீர்கள். ஊசியைத் திருப்பும் சின்ன நெம்புகோல் இருந்தால் கவனியுங்கள், ஒரு பக்கம் 78 சுற்றில் ஓடும் பழைய தட்டுக்கு, மறு பக்கம் எல்பிக்கு. 78-இன் பள்ளம் எல்பியைவிட மூன்று மடங்கு அகலம்.

தட்டெல்லாம் பூசணம். எதைப் போட்டுக் கழுவறது?

எல்பி, இபி (45 சுற்றுச் சின்னத் தட்டு) என்றால் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய துணி, பள்ளத்தின் போக்கிலேயே சுற்றித் துடையுங்கள். நடு லேபிள் நனையக் கூடாது. நல்ல தண்ணீரில் அலசி நிழலில் நிறுத்திக் காயவையுங்கள். பழைய உள்ளுறையைத் தூக்கிப் போடுங்கள், பூசணத்தின் வீடு அதுதான்.

78 தட்டு அரக்கால் ஆனது. ஆல்கஹால் கலந்த எதுவும் பட்டால் கரைந்துவிடும். சானிடைசர் போட்டுத் துடைத்த ஒரு தட்டு என்னிடம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க மங்கிப்போய்ப் பள்ளமே இல்லை.

போன்லேருந்து பாட்டுப் போடலாமா? ஃபோனோன்னு ஒரு ஓட்டை இருக்கே, அதுலதானே?

அதில் மட்டும் போடாதீர்கள். ஃபோனோ ஓட்டை ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட்டுக்கானது, அதோடு பேஸை ஏற்றி டிரெபிளை இறக்கும். போன் அதைப்போல் நூறு மடங்கு கொடுக்கும், கேட்கவே கொடூரமாக இருக்கும். ஆக்ஸ் அல்லது டேப் என்று எழுதியதில் போடுங்கள். சின்னப் புளூடூத் ரிசீவரை அதில் மாட்டிவிட்டால் போதும், எதையும் வெட்ட வேண்டாம். ரேடியோகிராமில் டேப் ஓட்டை இருந்தால் அதற்கும் இதே வழி. பிலிப்ஸ், கிரண்டிக் மாதிரி ஐரோப்பியச் செட்டுகளில் ஐந்து முள் வட்ட ஓட்டை இருக்கும், அதற்கு மாற்று வயர் இணையத்தில் கிடைக்கிறது.

கோயில்ல கழட்டிப் போட்ட புனல் ஸ்பீக்கரை வீட்ல மாட்டலாமா?

திருவிழா ஞாபகம் வேண்டுமானால் வரும். பேச்சு தூரம் போவதற்காகச் செய்தது அது, பேஸ் கிடையாது. சிலவற்றில் 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மர் வேறு இருக்கும், வீட்டு ஆம்புக்கு ஒத்துவராது. பக்கத்து வீட்டையும் நினைத்துப் பாருங்கள்.

ரெண்டு பக்கமும் பாடுது, ஆனா பேஸே இல்லை. பாடறவர் எங்க நிக்கிறார்னே தெரியலை.

ஒரு பக்கத்து வயர் மாறியிருக்கிறது. ஒரு கோன் முன்னே வரும்போது மற்றது பின்னே போய், பேஸ் ஒன்றை ஒன்று தின்றுவிடுகிறது. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பு, கறுப்பை மாற்றிப் போடுங்கள்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் முன்பு சொன்ன பேட்டரியை எடுங்கள். ஆம்பைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பிளஸைச் சிவப்பு முனையிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு கணம் தொடுங்கள். பெரிய கோன் வெளியே துள்ள வேண்டும். இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி துள்ளினால் சரி. பழைய ஜேபிஎல் மட்டும் தலைகீழ், சிவப்பில் பிளஸ் கொடுத்தால் உள்ளே போகும். கம்பெனியே அப்படிச் செய்தது, பழுது என்று நினைத்துப் பிரிக்காதீர்கள்.

எங்க வைக்கிறது? எங்களுடையது தாமான் வீடு, சிமெண்டுச் சுவர், டைல்ஸ் தரை.

மூலையில் வைக்காதீர்கள், மூலை பேஸை ஊதிப் பெருக்கும். சுவரிலிருந்து ஒரு முழமாவது முன்னே இழுங்கள். டுவீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரமும் நீங்கள் உட்காரும் தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். டைல்ஸ் தரையில் ஒரு பாய், எதிர்ச் சுவரில் துணி அலமாரியோ திரைச்சீலையோ இருந்தால் கணகணப்பு அடங்கும். நானூறு வெள்ளி கேபிள் செய்யாததை நாற்பது வெள்ளிப் பாய் செய்யும்.

மழைக் காலத்துல ஆஃப் பண்ணினா போதாதா? பிளக்கையும் புடுங்கணுமா?

பிடுங்கணும். மதியத்துக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்தால் பிளக், ஏரியல் வயர் இரண்டையும். ஒரு மாலையில் நான் பிளக்கை மட்டும் பிடுங்கினேன், இடி ஏரியல் வழியாக வந்து டியூனரைக் கொண்டுபோய்விட்டது.

கண்டென்சர் எல்லாத்தையும் மாத்தினாத்தான் பழைய செட்டு நல்லா இருக்கும்னு யூடியூப்ல சொல்றாங்க. உண்மையா?

பாதி உண்மை. வால்வு செட்டுகளில் உள்ள மெழுகுக் காகிதக் கண்டென்சர்களை மாற்றியே ஆக வேண்டும். அவை கசிந்தால் கடைசி வால்வையும் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து எரிக்கும். ஸ்பீக்கர் கிராஸ்ஓவரில் (பேஸையும் டிரெபிளையும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்டில்) உள்ள எலக்ட்ரோலிட்டிக் வகையும் காய்ந்து அளவு மாறும். டுவீட்டர் மங்கலாக ஒலித்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். அதே மைக்ரோஃபாரட்டில், முனை பேதமில்லாத வகையாக வாங்குங்கள், கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் கிடைக்கும். இரண்டு பெட்டியிலும் சேர்த்து மாற்றுங்கள்.

டிரான்சிஸ்டர் ஆம்பில் அளந்து பார்த்துக் கெட்டதை மட்டும் மாற்றுவேன். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஆம்பில் நாற்பது கண்டென்சரை மாற்றி, அதில் ஒன்றைத் தலைகீழாகப் போட்டுக் கொண்டுவந்தவர்கள் உண்டு. வெடித்ததைத் துடைக்க எனக்கு ஒரு நாள் ஆனது.

வாங்கி வச்சு வித்தா லாபம் வருமா?

வரலாம். வாங்குகிற விலையில் பாதியைப் பழுதுக்கு என்று ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள், பெட்ரோலையும் சேர்த்து. என்னிடம் லாபம் நின்றதில்லை, வந்தது எல்லாம் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டது.

எல்லாம் சரி. பழைய தமிழ்ப் பாட்டை மட்டும் இந்தச் செட்டுல கேட்டா ஏன் வேற மாதிரி இருக்கு?

அறுபதுகளின் படப்பாட்டு பெரும்பாலும் மோனோ. கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான அந்த 45 சுற்று இபிகளில் குரல்தான் முன்னே நிற்கும், டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் நடு அலைவரிசையில்தான் வாழ்கிறார்கள். பழைய பெட்டிகள் அந்த நடுவை நன்றாகச் செய்யும். இன்றைய சின்ன ஸ்பீக்கர்கள் பேஸையும் டிரெபிளையும் தூக்கிக் காட்டி நடுவை விட்டுவிடுகின்றன. மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், தட்டின் கீறல் சத்தம் பாதி குறையும்.

ராத்திரி மெதுவாகக் கேட்கும்போது லவுட்னஸ் பொத்தானையும் அழுத்துங்கள். சத்தம் குறையக் குறையக் காதுக்குப் பேஸ் கேட்காமல் போகும் என்று பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து சொன்னார்கள். அந்தப் பொத்தான் குறைந்த பேஸைத் திருப்பிக் கொடுக்கிறது. மழை விட்ட பிறகு நான் ஒரே ஒரு செலஸ்டியனைப் போர்ச் பக்கம் திருப்பி வைத்து ஒரு இபி போடுவேன். நாலு பாட்டுதான், பக்கத்துக்கு இரண்டு. இரண்டாவது முடிந்து ஊசி உள்வட்டத்தில் டக் டக் என்று தட்டிக்கொண்டிருக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா குரல் கொடுப்பார்: "அண்ணே, தட்டைத் திருப்பிப் போடுங்க, துணி காயப்போட இன்னும் நாலு இருக்கு."